பணியில் காலை இழந்த ராணுவ அக்காவுக்குப் பாராட்டு விழா எப்படி எடுப்பது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஒரு வட்டாரத்தில் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு. அதே வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார். ஆயுதப்படையில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் ஸ்டாஃப் சார்ஜண்டாக இருந்தவர், பயிற்சியில் நடந்த விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். படையை விட்டு வந்த பிறகு தனியாக வாழும் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருகிறார், சனிக்கிழமைகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அவருக்கு விழா எடுக்க வேண்டும். குழுவில் ஒருவர் "அவர் போருக்கே போகவில்லையே, இதற்கு எதற்குப் போர்வீரர் மரியாதை?" என்கிறார், இன்னொருவர் தேசிய தினத்தோடு சேர்த்து நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்து அமர்க்களமாகச் செய்யலாம் என்கிறார். எப்படிச் செய்வது, பாராட்டு மடலில் என்ன எழுதுவது?

சமூக மன்ற விழாக்களின் பின்மேடை வேலையில் நான் ரொம்ப வருடம் இருந்திருக்கிறேன், ராணுவ வரலாறு படிப்பதிலும் பைத்தியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் "போருக்கே போகவில்லையே" ஆசாமி. அவர் வாயை அடைக்காமல் விழாவுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் விழா அன்று சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு இதையே அவர் சத்தமாகச் சொல்வார், அது அந்த அக்காவின் காதில் விழும். சுதந்திர சிங்கப்பூர் இதுவரை எந்த நாட்டோடும் போருக்குப் போனதில்லை. 1967இல் தேசிய சேவை வந்தது முதல் இங்கே படையில் இருந்தவர்களின் உழைப்பில் மிகப் பெரும்பகுதி பயிற்சிதான். அந்தப் பயிற்சியில்தான் ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள், செத்தும் போயிருக்கிறார்கள். போர்க்களக் காயம்தான் கணக்கு என்றால் இந்த ஊரில் யாருக்குமே மரியாதை செய்ய முடியாது. அதிலும் ஆண்களுக்குச் சேவை கட்டாயம், பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. யாரும் கூப்பிடாமல் தானே போய்ச் சேர்ந்தவர் அவர். இதை அந்த ஆசாமியிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஜேசன் சீ என்ற கடற்படை வீரரை நிறையப் பேருக்கு நினைவிருக்கும். 2012 கடைசியில் கப்பலில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். எதிரி யாரும் சுடவில்லை, வழக்கமான பணியில் நடந்த விபத்து. அவர் மறுபடி கடற்படை வேலைக்கே திரும்பினார், மேசைப்பந்தில் ஆசியான் உடற்குறையுள்ளோர் போட்டியில் தங்கமும் வாங்கினார். அவருக்கு ஊர் கொடுத்த மரியாதையில் "இது போர்க்காயமா?" என்று யாரும் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணுக்கு என்று வரும்போது மட்டும் அந்தக் கணக்கு ஏன் எழுகிறது என்று குழுவில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பர்ப்பிள் ஹார்ட் என்ற பதக்கம் இருக்கிறது, எதிரியின் தாக்குதலில் காயப்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தருவது. பயிற்சி விபத்துக்குக் கிடைக்காது. உங்கள் நண்பர் மனதில் இருப்பது அந்த விதி போல. அந்த விதியே நிலையாக இருந்ததில்லை என்பது வேடிக்கை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தபோது அங்கே ஹிக்கம் விமானத்தளத்து மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்தவர் ஆனி ஃபாக்ஸ். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார், அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் 1942இல் அவருக்கு பர்ப்பிள் ஹார்ட் கொடுத்தார்கள், ஏனென்றால் அப்போதைய விதியில் சிறந்த சேவைக்கும் அதைத் தரலாம். அப்புறம் காயப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று விதி மாறியது, 1944இல் அதற்குப் பதிலாக வெண்கல நட்சத்திரப் பதக்கம் (Bronze Star) கொடுத்தார்கள். பதக்கத்து விதி அரசாங்கத்துக்கு வேண்டும். வட்டாரத்துக் குழுவுக்கு எதற்கு?

சரி, அடுத்தது. எதைப் பாராட்டப் போகிறீர்கள்? இதில்தான் பெரும்பாலான விழாக்கள் சறுக்குகின்றன. மேடையில் பேசுகிற எல்லோரும் காலைப் பற்றியே பேசுவார்கள். "ஒரு காலை இழந்தும்", "ஊனத்தை வென்று", "நமக்கெல்லாம் இரண்டு கால் இருந்தும்" என்று. அந்த அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் காலைப் பற்றி நாலு பேர் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் படையில் செய்த வேலை ஒரு வரியில் போய்விடும், இத்தனை வருடம் செய்த தொண்டு இன்னொரு வரியில் போய்விடும். காயம் அவருக்கு நேர்ந்தது. வேலையும் தொண்டும் அவர் செய்தவை. நேரத்தைப் பங்கிடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது, எலிசபெத் சாய். வட போர்னியோவின் கூடாட்டில் 1910இல் பிறந்தவர், இங்கே செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் ஆசிரியர். ஜப்பானியர் காலத்தில் அவரும் கணவரும் மனநல மருத்துவமனையில் கேண்டீன் நடத்தினார்கள். அந்த வழியாகச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணமும் கடிதங்களும் போயின. 1943 அக்டோபர் 10இல் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் சாங்கியில் சோதனை நடத்திய பிறகு முதலில் கணவரைப் பிடித்தார்கள், நவம்பரில் இவரையும் பிடித்தார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் இன்றும் ஒய்எம்சிஏ இருக்கிற அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில் சுமார் 200 நாள் வைத்திருந்தார்கள். ஆண்கள் நெருக்கியடித்துக் கிடந்த அறையில் ஒரே பெண். கணவர் கண் முன்னாலேயே மின்சாரம் பாய்ச்சினார்கள். போர் முடிந்ததும் சித்திரவதை செய்தவர்களை அடையாளம் காட்டச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

இவ்வளவுதான் பொதுவாக எல்லோரும் சொல்வது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது 60 வருடத்துக்கும் மேல். 1946இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ விருது, 1951இல் சட்டமன்றத்தில் உறுப்பினர், சிங்கப்பூர்த் தொண்டர் படையின் பெண்கள் துணைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட், 1956இல் பார்வையற்றோர் பள்ளியின் முதல்வர், அப்புறம் மறுபடி ஆசிரியர் வேலை. 2006இல் காலமானார். சிங்கப்பூர் மாதர் புகழ்க்கூடத்தில் 2014இல் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்தில் எட்டு நிமிடம் ஒய்எம்சிஏ அறையில்தான் நிற்பார்கள் என்பது என் ஆதங்கம். சித்திரவதை செய்தது கெம்பெய்த்தாய், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது அவர். பேச்சில் எதற்கு நேரம் அதிகம் வேண்டும்?

தமிழர் குழு என்பதால் ஜான்சி ராணிப் படையை யாராவது மேடைக்கு இழுப்பார்கள், இழுக்கட்டும், ஆனால் சரியாகச் சொல்லட்டும். இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக 1943 ஜூலையில் நேதாஜி இங்கே அறிவித்த படை அது, அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் திறந்தார்கள். சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். லட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும், பின்னாளில் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்ததும் 2002இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றதும் தெரியும். கோலாலம்பூரிலிருந்து போய்ச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் பெயர் தெரியும், 2000இல் பத்மஸ்ரீ வாங்கினார். தோட்டத்திலிருந்து போன மற்றவர்கள்? முகம் இருக்கிறது, பழைய புகைப்படங்களில் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள், பெயர் எழுதிவைக்க ஆளில்லை. எஸ்பிளனேடில் இருந்த இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்தை 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள், 1995இல்தான் அந்த இடத்தில் அடையாளக் கல் வைத்தார்கள். கல்லுக்கே 50 வருடம் ஆனது என்றால் ஆட்களின் கதை என்ன ஆகியிருக்கும் பாருங்கள்.

அதனால் மாலை, பொன்னாடை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது ஒன்று: அந்த அக்காவின் கதையை உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழில், அவர் பேசுகிறபடி. ஏன் சேர்ந்தார், வீட்டில் என்ன சொன்னார்கள், அம்மா அழுதாரா, முதல் வாரம் தாக்குப்பிடித்தது எப்படி, பிரிவில் இவர் மட்டும்தான் தமிழ்ப் பெண்ணா. விபத்தைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் விடுங்கள். படை வேலையில் வெளியே சொல்லக்கூடாதவை இருக்கும், எதைச் சொல்லலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், "பரவாயில்லை சும்மா சொல்லுங்கக்கா" என்று தோண்டாதீர்கள். இரண்டு மணி நேரப் பதிவு கையில் இருந்தால் மடல் தானாக எழுதப்படும், பேச்சாளர்களும் வாய்க்கு வந்ததைப் பேச மாட்டார்கள்.

மடல் என்றதும் ஞாபகம் வருகிறது. "வீரமங்கையே, பெண்குலத்தின் மணிவிளக்கே, தடைகளைத் தகர்த்த தாரகையே" என்று ஒரு மடல் எல்லாக் குழுக்களிடமும் தயாராக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றுவார்கள். அதை வைத்துப் பள்ளி முதல்வரையும் பாராட்டலாம், பரதநாட்டிய ஆசிரியையையும் பாராட்டலாம். நீங்கள் எழுதுவது அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்த வேண்டும். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் பிரிவு, என்ன பதவி, யாருக்குப் பயிற்சி கொடுத்தார். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம்: "பணியின்போது காயமடைந்து, சிகிச்சைக்குப் பின் மீண்டும் பணியில் சேர்ந்தார்" (சேர்ந்திருந்தால்). அதோடு காயம் முடிந்தது. அதற்குப் பிறகு தொண்டு, அதுவும் குறிப்பாக. "முதியோருக்கு உதவினார்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. "கண் அறுவை முடிந்த பாட்டிக்குச் சொட்டு மருந்து போட ஒரு வாரம் காலையும் மாலையும் ஆறாவது மாடிக்குப் போய்வந்தார்" என்று எழுதினால் மண்டபத்தில் இருக்கிற அந்தப் பாட்டியின் மகள் நிமிர்ந்து உட்காருவார். உண்மையில் நடந்ததை அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுங்கள், அவரிடமே கேட்டால் "நான் என்ன பெரிசா செஞ்சேன்" என்றுதான் சொல்வார். எழுதி முடித்ததும் அவரிடம் காட்டுங்கள். பதவியின் பெயரும் ஆண்டும் தப்பாக இருந்தால் படையில் இருந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். விழாவுக்கு வருகிறவர்களில் சிலர் அவருடைய கணவரிடமோ அண்ணனிடமோ போய்க் கைகுலுக்கி "நீங்கதான் ஆர்மியா சார்?" என்பார்கள். அமெரிக்காவிலும் படையிலிருந்து வந்த பெண்கள் காலம்காலமாகச் சொல்லும் புகார் இது, பதக்கம் மாட்டியிருந்தால் "உங்கள் கணவருடையதா?" என்று கேட்பார்கள் என்று. 2015இல் கான் சியாவ் ஹுவாங் பிரிகேடியர் ஜெனரல் ஆனார், சிங்கப்பூர்ப் படையில் அந்த உயரத்துக்குப் போன முதல் பெண். அப்படியிருந்தும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ராணுவம் என்றால் மீசைதான் கண்ணில் வருகிறது. வாசலில் வரவேற்க நிற்கிற பிள்ளைகளிடம் இன்னார்தான் சிறப்பு விருந்தினர், இன்ன பதவியில் இருந்தவர் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அழைப்பிதழில் பதவியோடு பெயரைப் போடுங்கள்.

இப்போது மண்டபம். விழாவுக்கு முந்தின வாரம் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், போனில் கேட்டால் "எல்லா வசதியும் இருக்கு" என்றுதான் பதில் வரும். மேடைக்கு ஏற நாலு படி இருக்கும், கைப்பிடி இருக்காது. செயற்கைக் கால் போட்டு நடக்கிறவருக்குப் படி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், அதுவும் கையில் மாலை, மடல், தாம்பாளம் எல்லாவற்றையும் கொடுத்து இறங்கச் சொன்னால் எதைப் பிடிப்பார்? சாய்தளம் இல்லையென்றால் மேடையை மறந்துவிட்டு எல்லாவற்றையும் கீழே தரையிலேயே நடத்துங்கள், முக்கிய விருந்தினரும் கீழேயே நிற்கட்டும். ஒருவரை நாலு பேர் தூக்கி மேடையேற்றுகிற காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். உடற்குறையுள்ளோர் கழிப்பறையைத் திறந்து பாருங்கள், உள்ளே மடக்கு நாற்காலிகளும் தீபாவளித் தோரணமும் அடுக்கி வைத்திருப்பார்கள், நான் பார்க்காத மன்றம் குறைவு.

அன்று அவர் சக்கர நாற்காலியில் வருவாரா, காலைப் போட்டுக்கொண்டு வருவாரா என்று கேட்டுவிடுங்கள், இது கேட்கக்கூடாத கேள்வி ஒன்றுமில்லை. நாற்காலி என்றால் பொன்னாடையைக் கவனியுங்கள். ஜரிகை வைத்த நீளப் பொன்னாடை தோளிலிருந்து வழுக்கி, முனை சக்கரத்துக் கம்பியில் சுற்றிக்கொள்ளும், அவர் நகர்ந்தால் கழுத்தை இழுக்கும். நீளம் குறைந்த பருத்தித் துண்டாகப் போடுங்கள், அல்லது கையில் கொடுங்கள். குத்துவிளக்கு ஏற்றச் சொல்வதாக இருந்தால் நெஞ்சுயரப் பித்தளை விளக்குக்குப் பதிலாக மேசையில் சின்ன விளக்கு. புகைப்படம் எடுக்கும்போது அவர் உட்கார்ந்திருக்க, பின்னால் பத்துப் பேர் மதில் மாதிரி நிற்பது வழக்கம், நாலு நாற்காலி போட்டு முக்கியமானவர்களை உட்கார வைத்தால் போச்சு. திடீரென்று வெடிக்கிற வண்ணக் காகிதக் குழாய், மேளம், இதெல்லாம் அவருக்கு ஒத்துவருமா என்பதையும் கேளுங்கள். விபத்தில் சிக்கியவர்கள் சிலருக்குச் சத்தம் ஆகாது, சிலருக்கு ஒன்றும் இல்லை.

நிகழ்ச்சி நிரலில் அவரை முன்னால் வையுங்கள். ஏழு மணிக்கு வரச் சொல்லி, எட்டு நடனம், இரண்டு பாட்டு, ஆதரவாளர்களுக்கு நினைவுப்பரிசு எல்லாம் முடித்து ஒன்பதே முக்காலுக்கு "இப்போது நம் விழா நாயகி" என்று கூப்பிடுவது நம் ஊர் நோய். செயற்கைக் காலோடு ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பொருத்துகிற இடம் வலிக்கும்.

தேதிக்கு வருவோம். தேசிய தினம் சரிதான், ஆனால் அந்த வாரம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரே நாளில் பல இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார், உங்கள் விழா அவருக்கு இன்னொரு இரவு விருந்து. எனக்கு ஜூலை 1 பிடிக்கும், ஆயுதப்படை தினம். பிப்ரவரி 15ம் நல்ல நாள்தான், முழுமைத் தற்காப்பு தினம், மாலை 6.20க்குச் சங்கு ஊதும், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த நேரம். ஆனால் எதுவாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் விபத்து நடந்த தேதியை மட்டும் எடுக்காதீர்கள்.

அந்தத் தேதியைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டாமி டக்வொர்த், இப்போது அமெரிக்க செனட்டர், பாங்காக்கில் பிறந்து சிறுவயதில் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் படித்தவர். 2004 நவம்பர் 12இல் ஈராக்கில் அவர் ஓட்டிய பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது ராக்கெட் குண்டு பாய்ந்து இரண்டு கால்களும் போயின, வலது கையும் மோசமாகச் சிதைந்தது. உடன் ஓட்டியவர் எப்படியோ தரையிறக்கினார், கூட இருந்தவர்கள் அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளைத் தான் பிழைத்த நாளாக, காப்பாற்றிய தோழர்களோடு சேர்ந்து அவர் கொண்டாடுகிறார். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அவர். உங்கள் அக்காவும் அப்படிச் சொன்னால் செய்யுங்கள், அவரைத் தூக்கி ஓடிய பிரிவுத் தோழர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தால் எந்த அமைச்சர் வருகையும் அதற்கு ஈடாகாது. டக்வொர்த் காயத்துக்குப் பிறகு இல்லினாய் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறையை நடத்தினார், 2018இல் பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் செனட்டர் ஆனார், கைக்குழந்தையை அவைக்குள் கொண்டுவர அனுமதித்து செனட் தன் விதியையே மாற்றியது.

பரிசு என்ன கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடிக் கேடயம் எல்லார் வீட்டிலும் அலமாரி மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது. அவர் செய்கிற தொண்டுக்கு என்ன குறை என்று விசாரியுங்கள். மருத்துவமனைக்குத் துணை போக ஆள் போதவில்லை என்பார், அல்லது டாக்சிக் காசு கையிலிருந்து போகிறது என்பார். குழுவில் ஆறு பேர் முறைவைத்து மாதத்துக்கு ஒரு நாள் போய்வருகிறோம் என்று பெயர் எழுதிய தாளை மேடையில் கொடுத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் தேசிய தின விருதுகளில் பொதுச் சேவைக்கான பதக்கம் இருக்கிறது, அவர் தொண்டு செய்கிற அமைப்பு வழியாகப் பரிந்துரைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள், அதற்கும் நீங்கள் எடுக்கும் அந்தப் பதிவு உதவும்.

நாடாளுமன்ற உறுப்பினரை அழையுங்கள், தப்பில்லை, ஐந்து நிமிடப் பேச்சு போதும், அதற்கான குறிப்பை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அக்காவுக்கு மைக் வேண்டுமா என்று முன்பே கேளுங்கள், "இரண்டு வார்த்தை பேசுங்க" என்று மேடையில் திடீரென்று நீட்டாதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் அவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், விழா எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். படையில் இருந்தவர்களில் பலருக்கு இதெல்லாம் கூச்சம், வேண்டாம் என்று அவர் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒரு தடவை கேளுங்கள், யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் மடலை மட்டும் நல்ல தாளில் அச்சடித்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முறைவைத்துத் துணை போகிற வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது அவர் சரி என்று சொன்ன பிறகு.